போர்டுல மாண்டிசோரி இருக்கு, உள்ள?

கிழக்கு தாம்பரத்துல பஸ் ஏறி கேம்ப் ரோடு வழியா மேடவாக்கம் வரைக்கும் போங்க. ‘மாண்டிசோரி’ன்னு எழுதின போர்டை எண்ணிக்கிட்டே போனா பொழுது போயிடும்.

போன மாசம் அக்கா பொண்ணோட எல்கேஜி அட்மிஷனுக்காக அப்படி ஒரு ஸ்கூலுக்கு நானும் கூடப் போனேன். ஏசி க்ளாஸ், சிசிடிவி, ஸ்மார்ட் போர்டுன்னு சுத்திக் காட்டினாங்க. அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. “டீச்சர் என்ன ட்ரெய்னிங் எடுத்திருக்காங்க?” ஆபீஸ்ல இருந்தவங்க ஒரு செகண்ட் முழிச்சிட்டு, “எல்லாருமே நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க மேடம்”னாங்க.

வீட்டுக்கு வந்ததும் மாண்டிசோரின்னா என்னன்னு தேடினேன். (அதுவரைக்கும் ஏதோ ஊர் பேருன்னு நினைச்சிருந்தேன், சிரிக்காதீங்க.) மரியா மாண்டிசோரி, 1870-ல இத்தாலியில பிறந்தவங்க. சின்ன வயசுல அவங்க ஆசை என்ன தெரியுமா, இன்ஜினியர் ஆகுறது! அதுக்காகவே டெக்னிகல் ஸ்கூல்ல சேர்ந்தாங்க. அப்புறம் மனசு மாறி மருத்துவம் படிச்சு 1896-ல டாக்டர். அதுக்கும் அப்புறம்தான் டீச்சிங். ‘ப்ளேஸ்மெண்ட் வரலன்னா டீச்சர் வேலைக்குப் போயிடலாம்’னு நம்ம ஹாஸ்டல்ல பேசுறோமே, அதுக்கு நேர் எதிர் ரூட்.

டாக்டரா அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளோட வேலை பார்த்தவங்க. அதனால முதல்ல குழந்தையைக் கவனிக்கணும், அப்புறம்தான் சொல்லிக்கொடுக்கணும்னு பழகியிருந்தாங்க. 1907-ல ரோம் நகரத்துல ஏழைங்க வாழ்ந்த பகுதியில குழந்தைகள் இல்லம் ஆரம்பிச்சப்பவும் அதையேதான் செஞ்சாங்க. அவங்க பொருட்கள்ல எனக்குப் பிடிச்சது ஒரு மரக்கட்டை. அதுல வெவ்வேற அளவுல குழி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு உருளை. மாத்திப் போட்டா கடைசியில ஒண்ணு பொருந்தாம மிஞ்சும். தப்புன்னு டீச்சர் சொல்ல வேண்டியதில்ல, கட்டையே சொல்லிடும், கம்பைலர் மாதிரி.

நான் படிச்ச ப்ளே ஸ்கூல்லயும் (பேர் வேண்டாம்) இந்தக் கட்டை இருந்துச்சு. கண்ணாடி அலமாரிக்குள்ள, பூட்டு போட்டு! பேரன்ட்ஸ் வந்தா மட்டும் திறப்பாங்க. நாங்க நாலு கோடு நோட்டுல பக்கம் பக்கமா ‘ஏ’ எழுதிட்டு இருந்தோம். மிஸ் மேல எனக்குக் கோபம் இல்ல. நாற்பது பசங்களுக்கு ஒரே ஆளு. அந்தக் கட்டையை வச்சு என்ன செய்யணும்னு அவங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?

கடுப்பாகுற விஷயம், அந்தம்மா நம்ம ஊருக்கே வந்தவங்க. 1939-ல அடையாறு தியசாஃபிகல் சொசைட்டி வளாகத்துல, ஓலைக் கொட்டகையில, 300 பேருக்கு மேல பயிற்சி கொடுத்தாங்க. போர் நடுவுல வந்ததால 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருந்தாங்க. இங்க வந்ததும் அவங்க கையில எடுத்த முதல் வேலை டீச்சரைத் தயார் பண்றது. நாம அவங்க பேரை வச்சுக்கிட்டு அந்த வேலையை மட்டும் விட்டுட்டோம்.

இன்னொரு கூத்து. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் கொண்டு வந்தாங்க. டீச்சரும் பசங்களோட தரையில உட்காருவாங்க, பசங்க அட்டையை எடுத்து அவங்கவங்க வேகத்துல படிப்பாங்க. டீச்சர் எல்லாம் ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்க, ஃபீஸும் இல்ல. ஆனா அந்தப் பக்கம் நம்ம வீட்டுல யாரும் எட்டிக்கூடப் பார்க்கல, இங்கிலீஷ் மீடியம்தான் வேணும். நானும் அந்தக் கூட்டம்தான்.

அக்கா இன்னும் முடிவு பண்ணல. அடுத்த வாரம் ராஜகீழ்ப்பாக்கத்துல வேற ஒரு ஸ்கூல் பார்க்கப் போறோம். க்ளாஸ் நடக்கும்போது அரை மணி நேரம் ஓரமா உட்கார்ந்து பார்க்கலாமான்னு கேட்கப் போறா. அலமாரி பூட்டியிருக்கான்னு பார்க்குறது என் வேலை.