தொழிலுக்குத் தடை, வட்டிக்குத் தடையில்லை!

தருமபுரி மாவட்டத்திலே கல்யாணம் என்றால் முதல் நாள் மாலையே ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். மைக்செட், சீரியல் விளக்கு, பாட்டுக் கச்சேரி என்று மணவீட்டை மகிழவைக்கும் சிறுதொழில் இது. மகிழவைப்பவன் வீட்டில் மகிழ்ச்சி உண்டா?

ஆடி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆடியில் மாரியம்மன் பண்டிகை ஓரளவு கைகொடுக்கும். மற்றபடி சித்திரை, வைகாசி வருமானம்தான் சோறு போடும்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. பண்டிகை நின்றது, கல்யாணத்துக்கு 50 பேர் என்றார்கள். 2021 மே 10இல் மீண்டும் முழு ஊரடங்கு! இரண்டு ஆண்டும் முகூர்த்த காலம் பாழ். நோயைத் தடுக்கத் தடை தேவைதான், மறுப்பாரில்லை. ஆனால், வங்கித் தவணையை 2020 ஆகஸ்டு வரை தள்ளிவைத்தார்களே, வட்டியை நிறுத்தினார்களா? கந்துவட்டிக்காரன் தவணையைக்கூடத் தள்ளிவைப்பானா?

கிழக்குக் கடற்கரையைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்வளம் பெருகத் தொழிலை நிறுத்தும் அரசு, மீனவர் குடும்பத்துக்கு உதவித்தொகை தருகிறது. அதுவே முறை!

ஊர் நலனுக்காக ஒருவன் தொழிலை நிறுத்தினால், அவன் வீட்டில் உலை கொதிக்கச் செய்வது ஊரின் கடமை. மீனவனுக்குள்ள நீதி மைக்செட்காரனுக்கு ஏன் இல்லை? இன்னொரு தொற்று வருமுன் இவர்களைப் பதிவு செய்யுங்கள். தடைக்கால உதவியைச் சட்டமாக்குங்கள்!