சைக்கிளில் ஆள் உயர மூட்டை! ஆடிக் காற்றில் எந்தப் பக்கம் ஆபத்து?

ராஜபாளையம்—

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். திருமங்கலத்தில் இருந்து கொல்லம் போகும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் இணைக்கிறது. பஸ், லாரி, கார் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. ஓரத்தில் சைக்கிள்களும் போகின்றன.

சும்மா போகவில்லை. சுமையோடு போகின்றன!

மொபெட்டும் சரக்கு ஆட்டோவும் வந்த பிறகு சைக்கிள்காரர்கள் குறைந்து விட்டார்கள். ஆனாலும் அடியோடு மறைந்து விடவில்லை. பால் கேன், தேங்காய் மூட்டை, வாழைத்தார், புல்லுக்கட்டு, துணிப் பொதி... பெட்ரோலுக்குக் காசு இல்லாதவருக்கு சைக்கிள்தான் லாரி.

கனமா? உருவமா?

கனம் கூடினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

1954-ம் ஆண்டு வியட்நாமில் தியன் பியன் பூ சண்டை நடந்தது. அப்போது ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் அரிசியும் குண்டுகளும் ஏற்றி மலைக்காட்டில் கொண்டு போனார்கள். ஹாண்டில்பாரில் மூங்கில் கழியைக் கட்டி, நடந்தபடியே தள்ளினார்கள். பிரெஞ்சுப் படை தோற்றது.

நம் நாட்டிலும் 1960-களில் தும்பா ஏவுதளத்தில் ராக்கெட்டின் மூக்குப் பகுதியை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் படம் உலகப் பிரசித்தம்.

இரண்டு இடத்திலும் யாரும் ஏறி மிதிக்கவில்லை. அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

காற்று படுத்தும் பாடு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். இந்தத் துணிப் பொதி பார்க்கத்தான் பூதம். எடை அவ்வளவு இல்லை. 'லேசுதானே' என்று கேரியரில் ஆள் உயரத்துக்குக் கட்டி விடுகிறார்கள். காற்று அடித்தால் அது பாய்மரம்!

ஆனி, ஆடியில் மலைப் பக்கம் இருந்து, அதாவது மேற்கில் இருந்து காற்று இறங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் வருகிறவருக்கு அது வலது பக்கம் அடிக்கும். தள்ளினால் ரோட்டு ஓரத்து மண்ணில் இறங்குவார். முழங்கால் சிராய்க்கும், அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர் கதை வேறு. காற்று இடது பக்கம் பின்னால் இருந்து அடிக்கும். தள்ளினால் நடு ரோட்டுக்குத்தான் போவார். அங்கே லாரி வரும்.

அந்த மாதங்களில் பெரிய பொதியோடு வடக்கே போகிறவர், காற்று பலமாக இருந்தால் இறங்கித் தள்ளுவதே நல்லது. நேரம் கூடுதலாகும். ஆகட்டுமே!

பால் கேன் ரகசியம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைக்குப் பால் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். பால்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று: நிறைந்த கேனை விட அரைக் கேன்தான் ஆட்டம் போடும். உள்ளே பால் அலம்பும். வளைவில் வண்டி இழுக்கும். ஒரு பக்கம் நிறைகேன், மறு பக்கம் அரைக் கேன் என்றால் கேட்கவே வேண்டாம்.

பாரம் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கினாலும் கஷ்டம்தான். முன் சக்கரம் லேசாகி விடும். ஹாண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது.

மறைந்து போகும் சிவப்பு

இவற்றை விடப் பெரிய ஆபத்து ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. சைக்கிளின் பின் மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் இருக்கிறது. மூட்டை கட்டியதும் அது மறைந்து விடுகிறது! விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் பின்னால் வரும் டிரைவருக்குத் தெரிவது ஒரு கறுப்புக் குவியல்தான். அதுவும் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

மூட்டையின் மேலேயே ஒரு ரிப்ளெக்டர் பட்டையைக் கட்டினால் போதும். சில ரூபாய் சமாச்சாரம். இதைச் செய்ய வேண்டியவர் சரக்கை ஏற்றி அனுப்பும் கடைக்காரர். சரக்கு அவருடையது, உயிர் மட்டும் சைக்கிள்காரருடையதா?

மோதிய வண்டி நிற்காமல் ஓடி, எந்த வண்டி என்றே தெரியாமல் போனாலும் நஷ்டஈடு உண்டு. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மத்திய அரசு திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். சைக்கிளில் போனவருக்கும் இது பொருந்தும். போலீசில் புகார் பதிவாகி இருக்க வேண்டும். தாலுகாவில் உள்ள வருவாய்த்துறை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும்.