ஒரே எண்ணில் இரண்டு ரசீது

எங்கள் சங்கத்தின் குடும்ப தின விருந்துக்குக் கட்டணம் வாங்க, இரண்டு மேசைகளில் இரண்டு தொண்டூழியர்கள் மடிக்கணினியுடன் உட்கார்ந்தார்கள். மறுவாரம் பொருளாளர் திகைத்துப் போனார். இரண்டு குடும்பங்களின் கையிலும் 118ஆம் எண் ரசீது! போலி ரசீது அடித்தது யார் என்ற பேச்சு கிளம்பியது. இரண்டாவது மேசையில் இருந்த இளைஞரைப் பலரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தவறு அவருடையதல்ல, நிரலை எழுதிய என்னுடையது.

தரவுத்தளத்தில் உள்ள மிகப் பெரிய எண்ணைப் பார், ஒன்றைக் கூட்டு, புதிய ரசீதில் போடு. நான் எழுதியது இவ்வளவுதான். ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் பிசகாது. வீட்டில் தனியாகச் சோதித்தபோதும் பிசகவில்லை. இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால்? இருவருக்கும் கடைசி எண் 117 என்றே தெரியும். இருவரும் 118 போடுவார்கள். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையிலுள்ள அந்த நொடிப்பொழுதில்தான் வினை.

மருந்தகத்தில் எண் சீட்டு எடுக்கிறோம். முன்னால் வந்தவரின் எண்ணைக் கேட்டு நாமே ஒன்று கூட்டிக்கொள்வதில்லை, இயந்திரம் தருகிறது. தரவுத்தளத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் அது ‘சீக்வென்ஸ்’; மைஎஸ்கியூஎல்லில் ‘ஆட்டோ இன்கிரிமென்ட்’. எத்தனை பேர் சேர்ந்து கேட்டாலும் ஆளுக்கொரு எண் கிடைக்கும்.

ஆனால், சீட்டை எடுத்தவர் காத்திருக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் அந்த எண் போனது போனதுதான். பாதியில் ரத்தான பதிவுக்குக் கொடுத்த எண்ணும் பொதுவாகத் திரும்பி வராது. வாடிக்கையாளர் எண்ணுக்கு அதனால் பாதகமில்லை. “131ஆம் எண் எங்கே?” என்று கணக்காய்வாளர் கேட்கும் ரசீதுக்கு அது சரிவராது.

அதற்கு வேறு வழி இருக்கிறது. கடைசி எண்ணைத் தனி அட்டவணையில் ஒரே வரியாக வைத்திருங்கள். ஒருவர் எடுக்கும்போது அந்த வரியைப் பூட்டுங்கள். எண்ணைக் கூட்டுவதும் ரசீதைப் பதிவதும் ஒரே பரிவர்த்தனையாக நடக்கட்டும். இடையில் கோளாறு வந்தால் இரண்டும் ரத்தாகி, எண் பழையபடியே நிற்கும். அதுவரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் மொய்க்கும் விற்பனைத் தளத்துக்கு இந்தக் காத்திருப்பு பெருஞ்சுமை. இரண்டு மேசைக்குத் தெரியவே தெரியாது. பதிவு முடிந்த பிறகே ரசீதை அச்சிட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

எந்த வழியானாலும், ஒரே ரசீது எண் இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போட்டுவிடுங்கள். நிரலில் பிழை இருந்தாலும், இரண்டாவது 118ஐத் தரவுத்தளம் ஏற்காது. திரையில் பிழைச்செய்தி வரும். அந்த ஒரு வரியை நான் எழுதியிருந்தால், அன்று யாரும் யாரையும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் எதை எழுதினாலும், இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் பலமுறை ஓட்டிப் பார்க்காமல் யாரிடமும் கொடுப்பதில்லை.