டைட்டில் பிளாக் மட்டும் வேறு!



டிராயிங் ஹாலில் அடுத்தவன் ஷீட்டை அப்படியே டிரேஸ் எடுத்து, டைட்டில் பிளாக்கில் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கும் கில்லாடிகள் உண்டு. மத வெறுப்பைப் பரப்புகிறவர்கள் செய்வதும் அதே வேலைதான்!

1920-களில் அமெரிக்காவில் கூ கிளக்ஸ் கிளான் என்ற இயக்கம் கொடிகட்டிப் பறந்தது. கருப்பின மக்கள், யூதர்களோடு கத்தோலிக்கர்களையும் அது எதிரியாகப் பார்த்தது. இண்டியானா மாநிலத்தில் ‘ஃபியரி கிராஸ்’ என்று பத்திரிகையே நடத்தினார்கள். அதன் பல்லவி என்ன? ‘கத்தோலிக்கனுக்கு ரோமில் உள்ள போப்பாண்டவர் மீதுதான் விசுவாசம், நாட்டின் மீது இல்லை. அவர்கள் பள்ளிக்கூடம் ஆபத்து.’ விளைவு? 1922-ல் ஓரிகான் மாநிலத்தில், பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று கிளான் ஆதரவோடு சட்டமே வந்தது! 1925-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

‘அது அமெரிக்கா கதை, நமக்கென்ன மாப்ளே?’ என்கிறீர்களா? குமரி மாவட்டத்து மண்டைக்காட்டுக்கு வாருங்கள். 1982 மார்ச் 1-ல் அங்கே நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 6 பேர் செத்தார்கள். ‘கன்னியாகுமரியைக் கன்னி மேரி என்று மாற்றப் போறாங்க’ என்ற வதந்தி அப்போது ஊர் ஊராகப் பரவியது. விசாரித்த நீதிபதி வேணுகோபால் கமிஷன், ஆர்.எஸ்.எஸ். செயல்படும் விதத்தைப் பற்றிச் சொன்னது என்ன? கிறிஸ்தவர்கள் நாட்டுக்கு விசுவாசமற்றவர்கள், சிறுபான்மையினர் எண்ணிக்கை பெருகுகிறது என்ற பிரசாரத்தால் பெரும்பான்மையினரிடம் பயத்தை வளர்ப்பது என்று!

ஊர் பெயரை மறைத்துவிட்டால் எது இண்டியானா, எது குமரி என்று சொல்ல முடியுமா?

எங்கள் செட்டில் குளச்சல் பக்கத்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன். செண்பகத்தோப்பில் காட்டழகர் கோயிலுக்கு நடந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பாட்டியின் பையைச் சுமந்து வந்தவன் அவன்தான். அடுத்த வாரம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு ஃபார்வேர்டு போட்டான்: ‘இவனுகளுக்கு நாட்டுப்பற்றே கிடையாது.’ நண்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. குரூப்பை விட்டுப் போய்விட்டான்.

அன்று பத்திரிகை, இன்று செல்போன். சரக்கு ஒன்றே.

சர்ச்சோ கோயிலோ, தப்பு நடந்தால் தட்டிக் கேட்கலாம், கேட்கணும். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் கேஜ் வைத்துப் பார்க்கிற மாதிரி, ஒன்றை மட்டும் பாருங்கள். ஒருவன் செய்த தப்பைச் சொல்கிறதா, ஒரு கூட்டமே இப்படித்தான் என்கிறதா? இரண்டாவது என்றால் தயங்காமல் ரிஜெக்ட் செய்யுங்கள்!

போன நண்பனைத் திரும்பக் கூப்பிடுவது நம்ம பொறுப்பு.