இழுத்துப் போட்டால் எடிட்டிங் ஆகிவிடுமா?

எத்தனை டிரான்சிஷன் தெரியுமோ அத்தனைக்கு எடிட்டிங் தெரியும் என்று குறும்படம் எடுக்கத் தொடங்கும் மாணவர்கள் நம்புகிறார்கள். கிளிட்ச், ஸ்பின், ஜூம் என்று இலவசப் பேக்குகளை இறக்கி, ஒவ்வொன்றாக இரண்டு ஷாட்டுக்கு நடுவே இழுத்துப் போட்டுப் பார்ப்பதற்குப் பயிற்சி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மென்பொருளில் எது எங்கே இருக்கிறது என்று இதில் தெரியும். அதற்கு ஒரு மத்தியானம் போதும். இந்த ஷாட்டை எந்த ஃபிரேமில் முடிப்பது, அடுத்ததை எதில் தொடங்குவது என்ற கேள்வியின் பக்கமே இந்தப் பயிற்சி போவதில்லை.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. டிஸ்ஸால்வ் வேண்டுமென்றால் எடிட்டர் வேலைப்பிரதியின் மேல் மெழுகுப் பென்சிலால் கோடு கிழிப்பார். இரண்டு காட்சிகளையும் கலந்து தருவது ஆய்வகத்தின் வேலை. அது செலவு பிடிக்கும், நாளும் ஆகும். அதுவரை எடிட்டர் பார்ப்பதெல்லாம் வெறும் கட்தான். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் (1962) பீட்டர் ஓ டூல் தீக்குச்சியை ஊதி அணைத்ததும் பாலைவனத்தின் விடியல் வருமே, அங்கே திரைக்கதை கேட்டிருந்தது ஒரு டிஸ்ஸால்வ். வேலைப்பிரதியில் அது நேரடிக் கட்டாக ஓடியதைப் பார்த்த எடிட்டர் ஆன் கோட்ஸும் இயக்குநர் டேவிட் லீனும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த இடத்தில் இரண்டு ஃபிரேம் குறைத்ததாக கோட்ஸ் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தின் எடிட்டிங்குக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

நம்மூர்ப் படங்களில் ஓடும் சிறுவனின் கால்கள் திரையிலேயே வளர்ந்து கதாநாயகனின் கால்களாகிவிடும். தியேட்டரில் விசில் பறக்கும். கிண்டல் செய்தே தேய்ந்துபோன உத்திதான், ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு ஷாட்டும் ஒரே அளவில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்று படப்பிடிப்பிலேயே ஒருவர் யோசித்து வைத்ததால்தான் அது ஒட்டியது. கேமராவைச் சட்டென்று சுழற்றும் விப் பேனும் அப்படித்தான். முதல் ஷாட்டின் முடிவில் கேமரா வலப்பக்கம் சுழன்றால் அடுத்தது வலப்பக்கச் சுழற்சியில் தொடங்க வேண்டும். எடுக்கும்போது மறந்ததை எந்த பேக்கும் மீட்டுத் தராது.

“கட் ஜம்ப் ஆகுது சார், அதான் ஒரு டிரான்சிஷன் போட்டேன்” என்பது வகுப்பறைகளில் தினமும் கேட்கும் சமாதானம். சுவரில் விரிசல் விட்ட இடத்தில் காலண்டர் மாட்டுகிற வேலை இது. ஜம்ப் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது: கேமராவின் கோணமோ ஷாட்டின் அளவோ போதுமான அளவு மாறவில்லை, அல்லது கை முதல் ஷாட்டில் மேசை மேல் இருக்கிறது, அடுத்ததில் மடியில் இருக்கிறது. மூடி மறைக்கப் போட்ட டிஸ்ஸால்வ் சில சமயம் காட்டியும் கொடுத்துவிடும். கட்டுக்கு அப்பால் இரு பக்கமும் ஒளிந்திருக்கும் ஃபிரேம்களை எடுத்துத்தான் அது கலக்கிறது. நடிகர் முகத்தைத் தளர்த்திக் கேமராவைப் பார்த்த கணம் அங்கேதான் இருக்கும். ஃபிரேமே மிச்சமில்லையென்றால், கடைசி ஃபிரேமை உறைய வைத்து ஒப்பேற்றுகிற மென்பொருளும் உண்டு. ஒவ்வொரு ஷாட்டின் முன்னும் பின்னும் இரண்டு மூன்று விநாடி கூடுதலாக எடுங்கள் என்று ஆசிரியர்கள் கத்துவது இதற்காகத்தான்.

ஒரு காட்சி மற்றதைத் துடைத்துத் தள்ளும் ‘வைப்’பை இயக்குநர் குரோசவா போடவில்லையா, அதைப் பார்த்து ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) முழுக்கப் போடவில்லையா என்று கேட்பார்கள். போட்டார்கள். ‘செவன் சாமுராய்’ (1954) படத்தில் வைப் வந்தால் இடமோ நேரமோ தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதைப் படம் நெடுக ஒரு மொழியாகப் பழக்கினார் குரோசவா. ரீல்ஸிலும் கல்யாண வீடியோவிலும் தாளத்துக்கு ஏற்ற சுழற்சிக்குக் கூலி கிடைக்கிறது. அந்தப் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. அப்பா இறந்த செய்தி வரும் காட்சியில் ‘வூஷ்’ சத்தத்தோடு ஜூம் போடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

எந்தக் கட் நல்ல கட் என்று எடைபோட எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு கணக்குக் கொடுத்தார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, லயத்துக்கு 10. மிச்சம் பார்வையாளரின் கண் போகும் இடத்துக்கும், திரையின் தளத்துக்கும், இடத் தொடர்ச்சிக்கும். அலங்காரத்துக்கு அதில் ஒதுக்கீடே இல்லை.

உண்மையான பயிற்சி பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கும். ஒருவர் கதவைத் திறந்து, உள்ளே வந்து, உட்கார்ந்து, எதிரில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசுகிறார். இதை இரண்டு கோணத்தில் மொபைலில் எடுங்கள். கை பிடியைத் திருப்பும் அசைவின் நடுவே வெட்டுங்கள். அதையே இரண்டு ஃபிரேம் முன்னே, நாலு ஃபிரேம் பின்னே நகர்த்திப் பாருங்கள். பிறகு ஒலியை மட்டும் இழுங்கள்: வெளியே நிற்கும்போதே உள்ளே இருப்பவரின் குரல் கேட்கட்டும். ஜே கட் என்பது அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாமல் ஆளை அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போகும் வேலையை அது செய்துவிடும், எந்த பேக்கும் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் செமஸ்டர் முழுக்க வெறும் கட்டில் மட்டுமே படம் கேளுங்கள். அடுத்த செமஸ்டரில் டிஸ்ஸால்வ் போட்டு வருபவரிடம், இந்த இடத்தில் கதையில் எவ்வளவு நேரம் கடந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.