சார்ட்டுக்குச் சாயம் பூசினால் போதுமா?

புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டால் பி.காம். மாணவர்களின் கம்ப்யூட்டர்களில் ஒரே காட்சிதான். எண்களை எக்செலில் தட்டுவது ஐந்து நிமிடம். சார்ட்டுக்கு அலங்காரம் செய்வது அரை மணி நேரம். முப்பரிமாணம், நிழல், மஞ்சள் பின்னணி, தூணுக்கொரு நிறம்... கல்யாணப் பந்தல் தோற்றுப்போகும்!

அலங்காரம் தவறில்லை. ஆனால் சார்ட்டின் தோற்றம் அழகு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. அது கணக்கில் நேர்மை சம்பந்தப்பட்டது.

ஒரு கடையின் விற்பனை அடுத்தடுத்த 3 வருடங்களில் 96, 98, 100 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வளர்ச்சி 4 சதவீதம் சொச்சம். இதைத் தூண் சார்ட்டாகப் போட்டுப் பாருங்கள். எண்களுக்குள் வித்தியாசம் குறைவாக இருந்தால், செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் அடியை வெட்டிவிடுவது எக்செலின் வழக்கம். அச்சு 94-இல் தொடங்கினால் முதல் தூணின் உயரம் 2, கடைசித் தூணின் உயரம் 6. கண்ணுக்குத் தெரிவதோ 3 மடங்கு வளர்ச்சி! எண் ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் படம் பொய் சொல்கிறது.

மருந்து சுலபம். அச்சின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஃபார்மட் ஆக்சிஸ்' போய், 'மினிமம்' என்ற இடத்தில் 0 என்று அடித்தால் போதும். கோட்டு சார்ட்டுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அங்கே கண் பார்ப்பது உயரத்தை அல்ல, ஏற்ற இறக்கத்தை. தூண் அப்படியல்ல, அதன் நீளம்தான் அதன் பேச்சு.

முப்பரிமாண பை சார்ட் இன்னொரு வில்லன். சாய்த்து வைத்த வட்டத்தில் முன்னால் இருக்கும் துண்டு, பக்கச் சுவரும் சேர்ந்து தெரிவதால், உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். பின்னால் இருப்பது பாவம், சுருங்கிவிடும். 1801-இல் வில்லியம் பிளேஃபேர் அச்சிட்ட பை சார்ட் தட்டையாகத்தான் இருந்தது. தட்டையான வட்டத்திலேயே சிக்கல் உண்டு. கோணத்தைவிட, ஒரே அளவுகோலில் நிற்கும் புள்ளிகளை மனிதக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று கிளீவ்லாண்ட், மெக்கில் இருவரும் 1984-இல் சோதனை செய்து காட்டினார்கள். தகவல் சொல்லாத அலங்காரத்தை எட்வர்ட் டஃப்டி 1983-லேயே குப்பை என்று ஒதுக்கிவிட்டார்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதில் அப்படி என்ன அக்கறை? நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் விடை கிடைக்கும். முன்பக்கங்களில் வண்ண வண்ண சார்ட்டுகள். நிதிநிலை அறிக்கைகள் பின்னால். ஆடிட்டர் கருத்துச் சொல்வது அந்த நிதிநிலை அறிக்கைகளைப் பற்றித்தான். சிறு முதலீட்டாளர் பார்ப்பதோ பெரும்பாலும் முன்பக்கப் படங்களை! அந்தப் படங்களை வரையும் நாற்காலியில் நாளைக்கு உட்காரப்போவது இன்றைய பி.காம். மாணவர்தான். வெட்டிய அச்சை இன்றைக்குக் கண்டுகொள்ளாதவர், நாளைக்கு மேலதிகாரி வெட்டச் சொன்னால் எப்படி மறுப்பார்?

ஆகவே சார்ட் போட்டதும் நிறத்தைத் தேடி ஓடாமல் 4 விஷயங்களைப் பாருங்கள். தூண் பூஜ்யத்தில் நிற்கிறதா? ரூபாயா, லட்சமா என்று எழுதியிருக்கிறதா? முப்பரிமாணத்தை எடுத்தாகிவிட்டதா? கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் துண்டுகள் பிரிந்து தெரியுமா? நான்குக்கும் 'ஆமாம்' என்றால், அப்புறம் என்ன, பிடித்த நிறத்தைப் பூசிக்கொள்ளுங்கள்!