தாவினால் மந்திரி, விலகினால் தண்டனை!

சென்ற வாரம் கல்லூரி விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். லயத்து வாசலில் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டே தாத்தா கேட்டார்:

"ஏண்டா பேராண்டி, வக்கீலுக்குப் படிக்கிறியே, ஒரு சங்கதி சொல்லு. 2018ல ஒரே வருசத்துல என்னை ரெண்டு தடவை ஓட்டுப் போட வச்சாங்களே, அது எந்தச் சட்டத்துல இருக்கு?"

கேள்வி சின்னது, பதில் பெரியது. தோட்டத்து அன்பர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

2018 மே 9ஆம் தேதி பொதுத் தேர்தல். அதற்கு முன்பு தெலுக் கெமாங் என்று பெயர் பெற்றிருந்த நம் போர்ட்டிக்சன் தொகுதியில் வென்றவர் ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி டான்யல் பாலகோபால் அப்துல்லா. செப்டம்பரில் அவர் பதவியை விட்டு விலகினார். அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றத்துக்குள் வர ஒரு தொகுதி வேண்டும், அதற்காக. அக்டோபர் 13ல் இடைத்தேர்தல். ஏழு பேர் போட்டி. அன்வாருக்கு 31,016 ஓட்டு, 23,560 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. தாத்தா இரண்டாம் தடவையாக ஓட்டுச் சாவடியில்!

ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வெளியே போவது சரியா, தவறா என்று அன்றைக்கே பலர் சண்டை போட்டார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். விலகியவருக்குச் சட்டம் என்ன கொடுத்தது தெரியுமா? அரசியல் சட்டத்தின் 48(6) பிரிவுப்படி, நாடாளுமன்றப் பதவியைத் தானாக விட்டவர் ஐந்து ஆண்டுக்கு மறுபடி அங்கே உட்கார முடியாது!

இந்தப் பிரிவு சுதந்திரம் வாங்கிய காலத்துச் சரக்கு அல்ல. 1988ல் ஜொகூர் பாரு உறுப்பினர் ஷாரிர் சமாட் பதவியை உதறி, சுயேச்சையாக நின்று, மறுபடி வென்று காட்டினார். 1990ல் இந்தத் திருத்தம் வந்தது. மக்களிடமே திரும்பிப் போய், "நான் செய்தது சரியா?" என்று கேட்கும் வழிக்கு அதோடு பூட்டு.

சரி, விலகாமல் தாவினால்? ஒன்றுமில்லை!

2020 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. பெட்டாலிங் ஜெயா ஷெரட்டன் ஹோட்டலில் கூடினார்கள். மறுநாளே மகாதீர் பதவி விலகினார். 22 மாத ஆட்சி கவிழ்ந்தது. மார்ச் 1ல் முஹிடின் யாசின் பிரதமர். கட்சி மாறிய அஸ்மின் அலி மூத்த அமைச்சர். கூடவே மாறிய சுரைடா கமாருடினும் அமைச்சர். 2021ல் நம் ரப்பருக்கும் செம்பனைக்கும் அவரே மந்திரி. ஒருவர்கூட எம்.பி. பதவியை இழக்கவில்லை. வெட்டுக்கு ஒரு நாள் வராவிட்டால் பெரட்டில் பெயரை அடிக்கிறார்கள். இங்கே ஆளே வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார், பெயர் மட்டும் செக்ரோலில் அப்படியே!

அதே பிப்ரவரியில் நமக்கு என்ன நடந்தது? முதல் தேதியிலிருந்து புதிய குறைந்தபட்சச் சம்பளம். மாநகர, நகராட்சி மன்ற எல்லைக்குள் வேலை செய்தால் 1,200 வெள்ளி. எல்லைக்கு வெளியே, ஜெலுபு போன்ற மாவட்ட மன்றப் பகுதியில் என்றால் 1,100 வெள்ளி. அதே குலை, அதே சத்தகம், அதே வெயில். நூறு வெள்ளிக்கு மட்டும் ஒரு கோடு! 2022 மே மாதம் பெரிய தோட்டங்களுக்கு ஒரே சீராக 1,500 என்று வந்த பிறகே அந்தக் கோடு அழிந்தது. கூலிக்காரனுக்குக் கோடு போடத் தெரிந்த சட்டத்துக்கு, தாவுகிறவர்களுக்கு ஒரு கோடு போடத் தெரியவில்லை.

போட்டுப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. கிளந்தான் மாநிலம் போட்டது. 1991ல் அங்கே இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி மாறினார்கள். இடம் காலி என்று அறிவித்து இடைத்தேர்தல் வைத்தார்கள். இருவரும் நின்று தோற்றார்கள். ஆனால் 1992ல் உச்ச நீதிமன்றம், கிளந்தான் சட்டம் செல்லாது என்றது. காரணம், சங்கம் சேரும் உரிமை! அரசியல் சட்டத்தின் 10ஆம் பிரிவு. சங்கம் என்றால் நம் தாத்தாக்கள் சந்தா கட்டிச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் சங்கம்தான் நினைவுக்கு வரும். எம்.பி. தாவுவதற்கும் அதே உரிமை என்பதை வகுப்பில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரிவுரையாளர் முறைத்தார்.

பேராக்கில் 2009ல் மூன்று பேர் கட்சியை விட்டுப் போனதில் ஆட்சியே போயிற்று. மார்ச்சில் ஈப்போவில் சட்டமன்றம் மரத்தடியில் கூடியது. மே மாதம் சபாநாயகர் சிவகுமாரைச் சபைக்கு வெளியே இழுத்துப் போனார்கள். மரத்தடியில் பெரட்டு கூடும், சட்டமன்றமுமா?

இந்தியாவும் இதில் சளைத்ததல்ல. 1967ல் ஹரியானாவில் கயா லால் என்பவர் பதினைந்து நாளுக்குள் மூன்று தடவை கட்சி மாறினார். அங்கே தடைச் சட்டம் வர 1985 ஆயிற்று. நமக்கு இன்னும் தாமதம். 2022 ஜூலை 28ல் 209 உறுப்பினர்கள் ஆதரித்து மசோதா நிறைவேறி, அக்டோபர் 5ல் அமலுக்கு வந்தது. புதிய 49ஏ பிரிவுப்படி, கட்சியை விட்டு விலகினால் இடம் காலி. அந்த ஐந்தாண்டுத் தண்டனையும் அதோடு நீங்கியது.

"அப்ப இனிமே தவளை தாவாது?" என்றார் தாத்தா.

அங்கேதான் சூட்சுமம். கட்சியே ஒருவரை நீக்கினால் அவர் இடம் போகாது. கட்சி முழுவதுமாக அடுத்த அணியோடு சேர்ந்தாலும் போகாது. 2018ல் எதிரெதிர் அணியில் நின்ற சிரம்பான் உறுப்பினர் அந்தோணி லோக்கும் ரெம்பாவ் உறுப்பினர் முகமட் ஹசானும் 2022 டிசம்பரில் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். கூட்டணி ஆட்சிக்கு அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டுப் போட்டவனைக் கேட்டுச் செய்ததல்ல.

இன்னொன்றும் உண்டு. பெர்சத்து கட்சியின் ஆறு எம்.பி.க்கள் கட்சியை விட்டு விலகாமலே பிரதமர் அன்வாருக்கு ஆதரவு என்றார்கள். 2024ல் கட்சி அவர்களின் உறுப்பியம் முடிந்தது என்று எழுதிக் கொடுத்தது. ஜூலையில் சபாநாயகர் ஜொஹாரி அப்துல், அவர்களின் இடம் காலியாகவில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்க ஓட்டைத் தூக்கிக்கிட்டு நடந்து போனா தப்பு. உக்காந்த எடத்துலேயே அடுத்தவன்கிட்ட குடுத்தா தப்பில்ல?"

"சட்டப்படி இப்போதைக்கு அப்படித்தான், தாத்தா."

சுருட்டு அணைந்து போயிருந்தது. மறுபடி பற்ற வைத்தார்.

"அதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துட்டுப் போ. அடுத்த தேர்தலுக்கு லோரி எடுத்துக்கிட்டு வருவானுங்க. நான் கேக்கணும்."